எந்த இடத்தில் ஆட வைப்பது?

சென்னை
20 டிசம்பர் 2025

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் நலம். டித்வா புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, நல்லவேளை வீட்டுக்குள் ஏறவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. கீதா பத்தாவது பொதுத்தேர்வுக்குப் படிக்கிறாள், ஆனால் ஆர்சனல் கால்பந்து மேட்ச் இருக்கும் ராத்திரிகளில் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். அக்கா மகன் விக்கி கிளப் மாறியிருக்கிறான். அவன் கதை பிறகு.

குவாஹாட்டி டெஸ்டில் தென்னாப்பிரிக்காவிடம் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்ற அன்று நீ எழுதியதைப் படித்தேன். "நம்மிடம் ஆளே இல்லையா?" என்று கேட்டிருந்தாய். ஆள் இருக்கிறார்கள்டா. இருக்கிற ஆளை ஓர் இடத்தில் நிறுத்தி, "இது உன் இடம், போய் ஆடு" என்று சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு மாதமாக என் வயிற்றெரிச்சல் இதுதான்.

டெஸ்ட் பேட்டிங் வரிசையில் மூன்றாம் இடத்தையே எடுத்துக்கொள். டிராவிட் அங்கே நின்று பத்தாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தார். அவருக்குப் பின் புஜாரா நின்றார். 103 டெஸ்ட் ஆடி, இந்த ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார். இப்போது அந்த இடத்தைப் பார். இந்த வருஷம் இங்கிலாந்துத் தொடரில், ஹெடிங்லியில் சாய் சுதர்சன். எட்ஜ்பாஸ்டனிலும் லார்ட்ஸிலும் கருண் நாயர். ஓல்ட் டிராஃபோர்டில் மறுபடி சாய். அக்டோபரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக சாய் 87 அடித்தான். சரி, பையன் ஊன்றிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவில், தென்னாப்பிரிக்காவோடு; அவனை உட்காரவைத்துவிட்டு வாஷிங்டன் சுந்தரை மூன்றாவதாக இறக்கினார்கள். குவாஹாட்டியில் திரும்பவும் சாய்! 87 அடித்தவனை அடுத்த ஆட்டத்திலேயே வெளியே உட்காரவைத்தால், அவன் அடுத்த முறை பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பந்தைப் பார்ப்பானா, பெவிலியனைப் பார்ப்பானா?

இதில் வாஷிங்டன் விஷயம்தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. நம்ம திருவல்லிக்கேணிப் பையன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கொல்கத்தா ஆடுகளத்தில் நாலு ஸ்பின்னர் இறங்கினார்கள், அவர்களில் இவனும் ஒருவன். ஆனால் பந்துவீச இவனைக் கிட்டத்தட்ட கூப்பிடவே இல்லை. 124 ரன் துரத்தி 93க்குச் சுருண்டோமே, அதில் இவன் எடுத்த 31தான் நம் பக்கத்தில் அதிகம். பந்து எகிறி, திரும்பி, முட்டிக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்த ஆடுகளத்தில் அத்தனை பொறுமையாக நின்றான். அதற்குக் கிடைத்த பரிசு, அடுத்த டெஸ்டில் எட்டாவது இடம். அங்கேயும் 48 அடித்தான்.

ஓல்ட் டிராஃபோர்டு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது இன்னிங்ஸில் முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட் போனது. பந்த் கால் எலும்பு முறிந்து கிடந்ததால் வாஷிங்டனை ஐந்தாவதாக அனுப்பினார்கள். அவனும் ஜடேஜாவும் கடைசிவரை பிரியவேயில்லை. இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கைகொடுத்து ஆட்டத்தை டிராவாக முடித்துக்கொள்ளலாம் என்று வந்தபோது இவர்கள் மாட்டோம் என்றார்கள். ஜடேஜா 107, வாஷிங்டன் 101, இருவரும் அவுட் இல்லை. அன்றைக்கு ராத்திரி தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்டது. சின்ன வயதில் மேல்வரிசை பேட்ஸ்மேனாக வளர்ந்த பையன்டா அவன். ஆஃப் ஸ்பின் போடத் தெரியும் என்பதற்காகவே அவனை அணியின் ஓட்டைகளை அடைக்கிற ஆளாக்கிவிட்டார்கள். 2024இல் புனேயில் ஒரே இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தான், அப்போது பௌலர். கொல்கத்தாவில் பேட்ஸ்மேன். குவாஹாட்டியில் எட்டாவது ஆள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. பத்ரிநாத் முதல்தர கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தவர். 2010இல் நாக்பூரில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஸ்டெயினுக்கு எதிராக அறிமுக டெஸ்டில் 56 அடித்தார். மொத்தமாக அவர் ஆடியது இரண்டே டெஸ்ட். அஸ்வினைக்கூட, 2023இல் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில், உலகத்தின் முதல்நிலை பௌலராக இருந்தபோது வெளியே உட்காரவைத்தார்கள். எதிரணியில் ஆஃப் ஸ்பின்னருக்கு வசதியான இடதுகை ஆட்டக்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள், ஹெட் 163 அடித்தார், நாம் 209 ரன்னில் தோற்றோம். போன வருஷம் பங்களாதேஷுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 144க்கு 6 விக்கெட் போன நிலையில் இறங்கி 113 அடித்தாரே, அன்றைக்கு நான் மைதானத்தில் இருந்தேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒவ்வொரு பவுண்டரிக்கும் "இவனையா உட்கார வெச்சீங்க, இவனையா" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மாதத்தில் ஓய்வு அறிவித்துவிட்டார் அஸ்வின், 537 விக்கெட்டோடு.

தேர்வுக்குழுவை மட்டும் குறை சொல்லவில்லை. அவர்கள் பதினைந்து, பதினாறு பேரைப் பொறுக்கிக் கொடுக்கிறார்கள். காலையில் ஆடுகளத்தைப் பார்த்துப் பதினொரு பேரை முடிவு செய்வது கேப்டனும் கோச்சும்தான். அந்தக் காலைப் பொழுதில் வருகிற பயம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. பந்து திரும்புமோ என்று ஒரு ஸ்பின்னர், ஸ்பின்னர் அதிகமானால் பேட்டிங் குறையுமோ என்று ஒரு ஆல்ரவுண்டர். கடைசியில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள் நிறைந்துபோகிறார்கள். மூன்றாவதாக இறங்கி முப்பது ஓவர் நிற்கிற ஆள் இருக்கமாட்டான். ஆஸ்திரேலியாவில் ஆடும்போதாவது சாக்கு சொல்லலாம். சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 3-0, தென்னாப்பிரிக்காவிடம் 2-0. இதற்கு மேல் என்ன வேண்டும்?

விக்கி கதைக்கு வருகிறேன். ஐந்தாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த கிளப்பில் அவன் நாலாவதாக இறங்குவான், கூடவே ஆஃப் ஸ்பின். இந்த சீசன் மூன்றாவது டிவிஷன் கிளப் ஒன்று கூப்பிட்டது. அக்கா வீட்டில் ஒரே சந்தோஷம். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் மேட்ச், நானும் போயிருந்தேன். முதல் விக்கெட் விழுந்ததும் பேடு கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் கிட் பை மேல் உட்கார்ந்தான். இரண்டாவது விக்கெட் விழுந்தது, எழுந்தான். "நீ இரு, அவன் போகட்டும்" என்றார் கேப்டன். உட்கார்ந்தான். இப்படியே ஒவ்வொரு விக்கெட்டுக்கும் எழுவதும் உட்காருவதும். நடுவில் வெல்க்ரோவைக் கழற்றி, காற்றுப்படக் காலை நீட்டி, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டான். க்ளவுஸ் வியர்வையில் ஊறி, அதை வெயிலில் கவிழ்த்துப் போட்டிருந்தான். ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பையன் பெயர் கேட்டபோது "எத்தனாவது ஆளுன்னு எழுதறது?" என்றான், விக்கிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாவதாக இறங்கினான். மிச்சம் இருந்தது கொஞ்ச ஓவர்தான், நாலு ரன் எடுத்து ரன் அவுட். பந்து போடும்போது இரண்டு ஓவர் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் போன் வந்தது: "ரன்னும் வரல, விக்கெட்டும் வரல, இந்த வாரம் ரெஸ்ட் எடு." திரும்பி வரும்போது மின்சார ரயிலில் என்னைக் கேட்டான், "மாமா, என்ன எதுக்கு எடுத்தாங்க? பேட்ஸ்மேனாவா, பௌலராவா?"

நான் அவனுக்குக் கால்பந்து ஆட்டக்காரன் மெக்டாமினேயைப் பற்றிச் சொன்னேன். உனக்கு அது எவ்வளவு வலிக்கிற பெயர் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஐந்து வயதிலிருந்து உன் மான்செஸ்டர் யுனைடெட்டில் வளர்ந்தவன். அங்கே அவனை ஒருநாள் தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள், ஒருநாள் முன்னே அனுப்புவார்கள், ஒருநாள் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இறக்குவார்கள். 2024 ஆகஸ்டில் இத்தாலியின் நாப்போலிக்கு விற்றார்கள். அங்கே கோச் காண்டே அவனைப் பார்த்துவிட்டு, "நீ பெனால்டி பெட்டிக்குள் ஓடு" என்கிற மாதிரி வேலையைக் கொடுத்தார். லீகில் 12 கோல். கடைசி நாள் கல்யாரிக்கு எதிராக உடம்பைக் காற்றில் சாய்த்து அடித்த அந்தக் கத்திரி உதை! நாப்போலி சாம்பியன், அவன் இத்தாலி லீகின் சிறந்த ஆட்டக்காரன். அதே சீசனில் யுனைடெட் பதினைந்தாம் இடம். ஆள் அதே ஆள்தான். நிறுத்திய இடம்தான் மாறியது.

இவனை ஏன் விற்றார்கள் என்பதில்தான் இந்தச் சந்தையின் அநியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய ஆட்டக்காரனின் விலையைக் கிளப்புகள் ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரித்துக் கணக்கெழுதுகின்றன. விற்கும்போது மிச்சக் கணக்கைக் கழித்த பிறகுதான் லாபம். வீட்டில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்றும் இல்லை. விற்றால் வருவது மொத்தமும் லாபம். இங்கிலாந்து பிரீமியர் லீகில் நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் வரவுசெலவு விதிக்குப் பயந்து, கணக்கு இடிக்கிற கிளப் முதலில் கைவைப்பது இந்தப் பையன்கள் மேல்தான். செல்சி கிளப் தான் வளர்த்த கேலஹரை அனுப்பியதும் இந்த நெருக்கடியில்தான். பத்துப் பதினைந்து வருஷம் அந்தக் கொடியைச் சட்டையில் சுமந்தவனை விற்பதற்கே விதி ஊக்கம் கொடுக்கிறது என்றால் அந்த விதி தப்பு. அதை மாற்ற வேண்டும். நீயும் நானும் இதில் ஒரே கட்சியாகத்தான் இருப்போம்.

கீதா இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடுகிறாள். எஸேவைப் பதிமூன்று வயதில் ஆர்சனல் வேண்டாம் என்று அனுப்பியது, இப்போது 60 மில்லியன் பவுண்டுக்குக் குறையாமல் கொடுத்துத் திரும்ப வாங்கியது, நவம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மூன்று கோல் அடித்தான், "பாருப்பா, பணம் கொடுத்தா வேலை நடக்குது" என்கிறாள். நடக்கிறதுதான். கோச் ஆர்டெட்டா அவனுக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டு வாங்கினார். லிவர்பூல் இசாக்குக்கு மட்டும் 125 மில்லியன், வியர்ட்ஸுக்கும் நூறுக்கு மேல் கொட்டியது. போன சீசன் சாம்பியன், இந்த இலையுதிர் காலத்தில் வாரா வாரம் தோற்றது. வியர்ட்ஸ் எங்கே நிற்பது என்று அவர்களுக்கே தெரியாமல் அலைந்ததைப் பார்த்தோமே.

நம்ம கால்பந்து கிளப் சென்னையின் எஃப்சி பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டாய், நானே சொல்கிறேன். இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வாங்கிய கிளப், இன்று லீகே எப்போது தொடங்கும் என்று தெரியாமல் கிடக்கிறது. நடத்துகிறவர்களுக்கும் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாமல் நிற்கிறார்கள். அதற்கு முன்னாலேயே 2022 ஜனவரியில் சாங்தேயை மும்பைக்கு விட்டோம். அங்கே போய் இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரன் விருது வாங்கினான். 2023இல் தாபாவை மோகன் பகானுக்கு விட்டோம். சென்னையில் வளர்ந்த நந்தகுமார் அதே வருஷம் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான டெர்பியில் அடித்த கோலுக்குக் கொல்கத்தாவே ஆடியது. நான் சந்தோஷப்பட்டேன், அதே சமயம் இந்தக் கோலை நேரு ஸ்டேடியத்தில் நின்று பார்த்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018 சாம்பியன் அணியில் நடுக்களத்தில் ஓடியபோது ஸ்டாண்டில் என் பக்கத்தில் இருந்த பையன்கள் எல்லோரும் அந்தப் பேட்டைக்காரர்கள். "எங்க ஏரியா, எங்க ஏரியா" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தை எந்த விலைக்கும் வெளியிலிருந்து வாங்க முடியாது.

ஐபிஎல்லில் சிஎஸ்கே ஜடேஜாவைக் கொடுத்து சாம்சனை வாங்கியது பற்றி நிறைய எழுதமாட்டேன். 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பை கொடுத்தவரைப் பண்டமாற்றுப் பட்டியலில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சாம்சன் நல்ல ஆட்டக்காரர், வரட்டும், கைதட்டுவேன்.

இப்போது நீ எனக்கு ஒரு பதில் எழுத வேண்டும். யுனைடெட்டின் நடுக்கள ஆட்டக்காரன் மைனு. எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்தவன், யூரோ இறுதியில் இங்கிலாந்துக்காக முதல் பதினொன்றில் இறங்கியவன், இருபது வயது, உன் கிளப் வளர்த்த பையன். இந்த சீசன் லீகில் இதுவரை ஓர் ஆட்டத்தில்கூட முதல் பதினொன்றில் இல்லை. கோச் அமோரிம் நடுவில் இரண்டே பேரை வைத்து ஆடுகிறார், அதில் ஒன்று புரூனோவுக்கு என்று எழுதிவைத்தாகிவிட்டது. ஜனவரியில் சந்தை திறக்கிறது. நாப்போலி மறுபடி வாசலில் நிற்கிறது. அவனைப் போகவிடலாம் என்கிறாயா, பிடித்து நிறுத்தச் சொல்கிறாயா? விரிவாக எழுது. விக்கிக்கும் படித்துக் காட்டுகிறேன், அவன் ஜனவரியில் பழைய கிளப்புக்கே திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
ரவி