கையெழுத்துப் போட்டவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊடுருவல் சோதனைக்கு (பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டறிய, அனுமதி பெற்றுத் தாக்குபவர் போல நுழைந்து பார்க்கும் வேலை) ஒப்பந்தம் போட்டாயிற்று, இனி எதையும் தட்டிப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2019இல் அமெரிக்காவின் அயோவா மாநில நீதித்துறை அமர்த்திய இரு சோதனையாளர்கள், இரவில் டல்லாஸ் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நீதிமன்றத்துக்குள் நுழைந்து கைதானார்கள். மாநில நீதித்துறையின் அனுமதிக் கடிதம் கையில்தான் இருந்தது, கட்டடமோ கவுன்ட்டியுடையது! வழக்கு 2020 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது.

வேறொருவர் சர்வரில் ஓடும் மென்பொருளுக்கும் இதே சிக்கல்தான். வாடிக்கையாளர் சரி என்றால் போதாது, சர்வர் உரிமையாளரின் விதிகளையும் பார்க்க வேண்டும். எந்த ஐபி முகவரிகள் (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்கள்), எந்த நேரம், எதைத் தொடக்கூடாது, சிக்கல் வந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே எழுத்தில் வாங்கட்டும்.

– தகவல் பாதுகாப்புத் துறை வாசகர்