ஃபார்மலினில் போடும் முன் ஓர் அரிசியளவு திசு கொடுங்கள்

டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரி நெறிமுறைக் குழுவினருக்கும் நோய்க்குறியியல் துறையினருக்கும் வணக்கம்.

நான் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக் கிராமத்துப் பெண். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். இப்போது நுண்பாய்மச் சிப்புகளில், அதாவது மெல்லிய வாய்க்கால்களில் திரவம் ஓடும் சின்னத் தகடுகளில், திசுவை உயிரோடு வைக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறேன். அங்கேயும் கடைமடைப் பிரச்சினைதான்.

வெட்டியெடுத்த கட்டியின் துண்டை ஊட்டத் திரவத்தில் சும்மா போட்டுவைத்தால் ஓரத்துச் செல்கள் பிழைக்கும், நடுவில் இருப்பவை சாகும். திசுவுக்குள் ஆக்சிஜன் தானாகப் பரவுவது 100, 200 மைக்ரான் தூரம்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). உடம்பில் இருந்தவரை அந்த வேலையை நுண்ரத்தக் குழாய்கள் பார்த்தன. சிப்பில் நாங்கள் அந்த வாய்க்கால்களைத் திரும்ப வெட்டுகிறோம், தலைமுடி அகலத்தில், பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பரில். 300 மைக்ரான் கனத்துக்குச் சீவிய திசுவை அதில் வைத்து, 37 டிகிரி சூட்டில், நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் திரவம் ஓடவிடுவோம். பாய்ச்சல் மட்டும் போதாது, வடிகாலும் வேண்டும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாக்டிக் அமிலம் தேங்கினால் திசு கெடும்; ஓட்டம் வேகமானால் அதன் இழுப்பிலேயே செல்கள் சேதமாகும்.

இப்படிப் பல நாள் உயிரோடிருக்கும் திசுவில் மருந்தை ஓடவிட்டுப் பார்க்கலாம். கட்டியோடு வந்த நோயெதிர்ப்புச் செல்களும் அதே இடத்தில் இருக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். விலங்குச் சோதனைக்கு மாற்றாக உறுப்புச் சிப் (மனித உறுப்பின் வேலையைச் செய்துகாட்டும் சிப்) போன்ற முறைகளுக்கு நம் நாட்டின் புதிய மருந்து விதிகள் 2023 திருத்தத்தில் இடம் கொடுத்துவிட்டன.

என் அத்தைக்கு வாய்ப்புற்று. வெற்றிலையோடு புகையிலை போட்ட பழக்கம். கன்னத்தில் எடுத்த கட்டி முழுவதும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குப் போனது. அதில் தவறில்லை, பரிசோதனை அறிக்கைக்கு அதுதான் முறை. ஆனால் ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், உயிரைக் காக்காது. "அந்தச் சதைய என்ன பண்ணாங்க?" என்று அத்தை கேட்டார். சொன்னேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

நான் கேட்பது இதுதான். நோயறிய வேண்டியதை நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மிச்சத்தில் ஓர் அரிசியளவை, குளிர்ந்த ஊட்டத் திரவத்தில், ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து ஆய்வகத்துக்குத் தர வழிசெய்யுங்கள். சென்னைக்கு அனுப்பினால் சாலையிலேயே ஆறேழு மணி நேரம் போய்விடும்.

அப்புறம், ஒப்புதல் படிவம். நல்ல தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அறுவைக்கு முந்தைய நாளே ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். இந்த ஆய்வால் அவர்களுடைய சிகிச்சை இப்போது மாறாது என்பதையும், வேண்டாம் என்றால் சிகிச்சை குறையாது என்பதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் சிப்பையும் படிவத்தின் வரைவையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி