பேர்கனிலிருந்து அப்பாவுக்கு

பேர்கன், நோர்வே
புரட்டாதி 10

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலமாயிருக்கச் சந்நிதி முருகனை வேண்டுகிறேன். தொலைபேசியில் பேசினால் பாதி விளங்கவில்லை என்று சொல்லி உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஆகவே பழைய வழக்கப்படி தாளெடுத்து எழுதுகிறேன். சென்ற மாதம் நீங்கள் "அங்கை வாடை எப்ப எழும்பும்?" என்று கேட்டீர்கள். இங்கு வந்து ஒன்றரை வருடமாகியும், எந்தக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று நான் ஒருநாள்கூடக் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பருத்தித்துறைக் கடலோடியின் மகளுக்கு இது வெட்கமான விடயம். அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடிப்போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்த ஊர் கடலோரத்தில், ஏழு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அவற்றில் உயரமான உல்ரிக்கன் 643 மீற்றர். யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இங்கே பெய்கிறது. ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதுபோல் அல்ல. வருடத்தில் இருநூறு நாட்களுக்கு மேல், ஓயாமல், நனைத்துக்கொண்டே இருக்கும். 2006 ஒக்டோபர் இறுதியில் தொடங்கிய மழை 2007 ஜனவரி வரை 85 நாட்கள் ஒருநாளும் விடாமல் பெய்ததை இவ்வூர்க்காரர்கள் பெருமையுடன் சொல்கிறார்கள். காற்றில் மடங்கி உடைந்த குடைகள் தெருக் குப்பைத்தொட்டிகளில் தலைகீழாக நிற்கும். பாலர் பாடசாலையில் பேரனை மழைச்சட்டை போட்டுச் சேற்றில் விளையாட விடுகிறார்கள். கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, பொருத்தமில்லாத உடுப்புத்தான் உண்டு என்பது இவர்களுடைய பழமொழி. காலை ஒன்பதரைக்குப் பின் விடிந்து பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டிவிடும் மார்கழியில், முதியோர் இல்லச் சமையலறை வேலை முடிந்து ஈரச் சப்பாத்துடன் பேருந்துக்கு நின்றபோது, அந்தப் பழமொழியைச் சொன்னவர் யாரென்று தேடிப் பிடித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது.

புகையிரத நிலையத்தருகே பொது நூலகம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நோர்வே மொழி பேசிப் பழகுவதற்காக அங்கே வாரம் ஒருமுறை மேசை போட்டுக் கோப்பி கொடுக்கிறார்கள். எங்கள் மேசைக்கு வருபவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். வானிலை அதிகாரியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் மழையில் கொண்டுபோய் விடுவார். முதல் நாளே, குளிரிலிருந்து உள்ளே வந்த எல்லோருடைய மூக்குக் கண்ணாடியும் நீராவி படிந்து மங்கிப்போனதைக் காட்டி, "பேர்கன் மழை முழுவதும் இதுதான்" என்றார். அறையின் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகிறது. அதைப்போலவே, அட்லாண்டிக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு தென்மேற்கிலிருந்து வரும் காற்று, இந்த மலைகளில் முட்டி, மேலே ஏற வேண்டியதாகி, ஏற ஏறக் குளிர்ந்து, தன் ஈரத்தை நகரத்தின் தலையில் இறக்கிவிடுகிறது. நமக்கோ முட்டுவதற்கு ஒரு குன்றும் இல்லை. வங்கக் கடலில் காற்றின் அமுக்கம் குறைந்து தாழமுக்கம் உண்டானால்தான் பெருமழை.

உங்கள் கேள்வியை அவரிடமே கேட்டேன். முதலில் வாடை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியிருந்தது. வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், தெற்கிலிருந்து வரும் சோளகம், மேற்கிலிருந்து வரும் கச்சான் என்று நான்கையும் சொல்லி, எது எந்தத் திசை, எந்த மாதத்தில் எது எழும்பும், எதில் மீன் படும் என்று உங்களிடம் கேட்டது நினைவில் இருந்தவரை சொன்னேன். அவர் தம்முடைய சிறிய கொப்பியில் நான்கு பெயர்களையும் தம் எழுத்தில் எழுதிக்கொண்டார். இங்கே காற்றுக்கு மாதக்கணக்கு இல்லையாம். தாழமுக்கங்கள் மேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொன்றும் வரும்போது காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும், மழை பெய்யும். வடக்கிலிருந்து காற்று வீசினால் பெரும்பாலும் வானம் வெளித்துவிடும். ஆகவே அப்பா, உங்கள் கேள்விக்கு மறுமொழி இதுதான்: இங்கேயும் வாடை உண்டு, ஆனால் அது மழையைக் கொண்டுவரும் வாடையல்ல, மழையைத் துரத்தும் வாடை. மழை வருவது கச்சானிலும் சோளகத்திலும்.

அதன்பின் அவர் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூடான், உக்ரைன், எரித்திரியா என்று பல நாட்டவர் இருந்த எங்கள் மேசையில் எல்லோரையும் எழுப்பி, நூலக வாசலுக்கு அழைத்துச் சென்று, காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். இடது கையை நீட்டச் சொன்னார். "தாழமுக்கம் அந்தப் பக்கம் இருக்கிறது" என்றார். பூமத்திய ரேகையை மிகவும் ஒட்டிய இடங்களைத் தவிர, அதற்கு வடக்கே எங்கு நின்றாலும் இது பொருந்துமாம். பூமி சுழல்வதனால் காற்று தாழமுக்கத்தை நோக்கி நேராகப் பாயாமல் வலப்புறம் விலகி, அதை இடஞ்சுழியாகச் சுற்றி வருகிறது. பைஸ் பலோட் என்ற ஒல்லாந்தர் 1857இல் எழுதிவைத்த விதி. வழியில் போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனம் நம்மூர்க் கரையில் நின்றது. வாடைக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் தென்மேற்கே இருக்கும். நீட்டிய இடது கை தென்கிழக்கே, வங்கக் கடலைக் காட்டும். கார்த்திகையில் வாடை உரத்தால் நீங்கள் வள்ளத்தை மேலே இழுத்துப் போடச் சொல்வீர்கள். "வாடை கொண்டலுக்குத் திரும்பினால் புயல் நமக்குத் தெற்காலை போகுது, கச்சானுக்குத் திரும்பினால் வடக்காலை போகுது" என்று சொல்வீர்கள். அதை அப்படியே பெரியவரிடம் சொன்னபோது, தாளில் ஒரு வட்டம் வரைந்து, புயலை நமக்குத் தெற்கேயும் பின் வடக்கேயும் நகர்த்திப் பார்த்து, "உன் தந்தை சொன்னது முழுவதும் சரி" என்றார். 1964 மார்கழிப் புயலின்போது உங்களுக்குப் பன்னிரண்டு வயது; அந்த இரவில் பெரியப்பா காற்றுத் திரும்பும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீங்கள் சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

இவ்வூர்க்காரர்களுக்கு வானிலையில் ஏன் இவ்வளவு அக்கறை என்று பிறகுதான் விளங்கியது. இன்று உலகம் முழுவதும் வானிலைப் படங்களில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் போடுகிறார்களே, அந்த முறை பிறந்த ஊரே இதுதான். 1917இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற அறிஞர் ஜெர்மனியிலிருந்து இங்கு வந்தார். நோர்வே போரில் சேரவில்லை. ஆனாலும் உணவுத் தட்டுப்பாடு இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து தந்தியில் வந்துகொண்டிருந்த வானிலைச் செய்திகளும் போரால் நின்றுபோயின. விவசாயிக்கும் மீனவருக்கும் நாளைய வானிலையைச் சொல்லியாக வேண்டும், கையில் தகவலோ இல்லை. ஆகவே கரை நெடுக, வெளிச்சவீட்டுக் காவலர், மீனவர் என்று கடலையும் வானத்தையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்களையே பியர்க்னெஸ் குழுவினர் தங்கள் கண்களாக்கிக்கொண்டார்கள். அப்படி நெருக்கமாகக் கிடைத்த அவதானங்களிலிருந்துதான், சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் எல்லை கட்டி மோதுகின்றன என்பதை அவருடைய மகன் யாக்கப் பியர்க்னெஸ் கண்டு 1919இல் எழுதினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. அந்த எல்லைக்கு, அன்றைய செய்தித்தாள்களில் நாளும் அடிபட்ட போர்முனை என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள்.

சூடான காற்று குளிர்ந்த காற்றின்மேல் சரிந்து ஏறி வரும்போது, மழைக்குப் பல மணி நேரம் முன்பே, மிக உயரத்தில் பனித்துகள்களாலான மெல்லிய முகில் பரவுமாம். நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தோன்றுவது அந்தத் துகள்களில் ஒளி முறிவதனால். "அகல் வட்டம் பகல் மழை" என்று அம்மம்மா சொல்வதை நான் மொழிபெயர்த்துச் சொல்லப் பட்ட பாட்டை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அந்த யாக்கப் பியர்க்னெஸுக்கும் நமது மழைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் வானிலைத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவராயிருந்த கில்பேர்ட் வோக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய முயன்றபோது, பசிபிக் பக்கத்தில் காற்றமுக்கம் கூடினால் இந்து சமுத்திரப் பக்கத்தில் குறைவதும், அங்கே குறைந்தால் இங்கே கூடுவதுமாக ஓர் ஊஞ்சல் ஆடுவதைக் கண்டார். அந்த ஊஞ்சலை ஆட்டுவதில் பசிபிக் கடலின் சூடும் சேர்ந்திருக்கிறது என்பதை அரை நூற்றாண்டு கழித்து, 1969இல், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்த யாக்கப் விளக்கினார். எல் நினோ என்று செய்தியில் சொல்வது அந்தக் கடல் சூடேறுவதைத்தான். அது வரும் வருடங்களில் தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் குறையவும், நமது வாடைக்காலத்து மழை கூடவும் வாய்ப்பு அதிகம். 2015இல் சென்னை மூழ்கியதும் அப்படி ஒரு வருடத்தில்தான்.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பதில் நூலகப் பெரியவர் மிகவும் கண்டிப்பு. ஒரு நாள் மழையைக் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் முப்பது வருடக் கணக்கைக் கேட்பார். அவரிடம் அந்தக் கணக்கு இருக்கிறது: 1961 முதல் 1990 வரை பேர்கனின் வருடச் சராசரி சுமார் 2,250 மில்லிமீற்றர், 1991 முதல் 2020 வரை ஏறத்தாழ 2,500. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏழு வீதமளவில் கூடுகிறது என்பதை அந்தக் கணக்கின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். 2005 செப்டெம்பர் 14ஆம் திகதி இங்கே ஒரே நாளில் 156.5 மில்லிமீற்றர் பெய்து, மண் சரிந்து மூவர் இறந்தார்கள். அட்லாண்டிக் கடலில் வீசி ஓய்ந்த வெப்பமண்டலப் புயல்களின் ஈரம் அத்தனை தூரம் கடந்து வந்து இந்த மலைகளில் இறங்கியதாம். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். நாம் படுக்கும் ஓலைப்பாய் அளவு நிலத்தில் அன்று எத்தனை வாளி விழுந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்முடைய பிழைகளையும் அவர் மறைப்பதில்லை. இந்நாட்டின் தேசிய தினமான மே 17க்கு ஒரு வருடம் வெயில் என்று சொல்லி, பட்டும் கம்பளியுமாக உடுத்து ஊர்வலம் வந்த ஊரே நனைந்துபோனதாம். ஒரு வாரம் மீன் சந்தைப் பக்கம் போகாமல் இருந்தேன் என்றார். மழைக்கு எழுபது வீதம் வாய்ப்பு என்றால் நாளில் எழுபது வீதம் மழை பெய்யும் என்றே நான் நினைத்திருந்தேன். இதே போன்ற பத்து நாட்கள் வந்தால் ஏழில் மழை பெய்யும், மூன்றில் பெய்யாது, அந்த மூன்றில் ஒன்றுதான் ஊர் தன்னைத் திட்டும் நாள் என்று விளக்கினார். இங்கே எல்லோரும் கைபேசியில் பார்க்கும் வானிலைச் சேவைக்குத் தூறல் என்று பொருள்படும் பெயர். அதை உச்சரிப்பது 'ஊர்' என்பதற்கும் 'ஈர்' என்பதற்கும் நடுவில். என் வாயில் எப்போதும் ஊர் என்றே வருகிறது. அந்தச் சேவையில் பருத்தித்துறையும் இருக்கிறது. தினமும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

இனி உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நம்மூரில் ஆறு இல்லை, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரைத்தான் என்று சொன்னபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மழைக்காலம் முடிய உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு உயரும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிணற்றில் முப்பது வருடம் தண்ணீர் அள்ளியவள் நான். அடுத்த கிழமை அவர் தம் தோட்டத்தில் நின்ற மழைமானியைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். புதியது வாங்கிக்கொள்வாராம். மச்சான் ஐப்பசி பிறக்குமுன் அங்கு வருகிறார். அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

அதைக் கூரைக்கும் பனைக்கும் பக்கத்தில் வைக்கவேண்டாம். அவை எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, வெளியான இடத்தில், நேராக நிற்கும்படி கட்டையில் கட்டுங்கள். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடவேண்டும். மழை இல்லாத நாளுக்குச் சுழியம் போட மறக்கவேண்டாம். வெறுமையாக விட்டால் பார்க்கவில்லையா, பெய்யவில்லையா என்று பிறகு தெரியாது என்று பெரியவர் இரண்டு முறை சொன்னார். கிழமைக்கு ஒருமுறை, முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றில் விட்டுத் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். பக்கத்தில் அன்று என்ன காற்று என்று நம்முடைய பெயரிலேயே எழுதுங்கள். தம்பியின் மகளிடம் எழுதக் கொடுத்தால் கணக்கும் பழகுவாள். ஆனால் காற்றை மட்டும் நீங்கள் வெளியே வந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அம்மாவுக்குக் கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள். பேரன் "மழை" என்ற சொல்லை இரண்டு மொழியிலும் சொல்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்