கையுறையைக் கழற்றாதே

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். இங்கிலாந்தின் கேட்பெல்ஸ் மலை உச்சியில் நீயும் குட்டியும். குட்டியின் மூக்கு சிவந்து கிடக்கிறது என்று அம்மாவுக்கு ஒரே புலம்பல், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். நான் பார்த்தது உன் வலது கையை. கையுறை இல்லை. படம் எடுக்கத்தான் கழற்றியிருக்கிறாய், கைதான் ஓரத்தில் நீண்டு தெரிகிறதே. அந்தக் குளிரில் கழற்றலாமா? வேறு யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

முதலில் 451 மீட்டர்தானே என்று சிரித்துவிட்டேன். நம் பினாங்குக் கொடிமலை 833. அடிவாரத்து ஆயர் ஈத்தாமில் என் வயதுக்காரர்கள் விடியுமுன் அதில் ஏறிவிட்டுப் பசியாற வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. டிசம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்குள் சூரியன் இறங்கிவிடுகிறதாம். அடிவாரத்தில் தூறல் என்றால் மேலே அதுவே பனி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கையை ஊன்றி ஏறும் பாறை, ஆள் ஏறி ஏறி வழவழவென்று இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஏழு வயதுப் பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நீ எப்படி இறங்கினாய்? உன் முதல் படத்தில் ஏரி பளிச்சென்று தெரிகிறது, மூன்றாவதில் ஒரே வெள்ளை. இடையில் இருபது நிமிடம்தான், நேரத்தைப் பார்த்தேன்.

ஏறி இறங்கிவிட்டாய், அது பெரிய விஷயம். உன் அம்மா இந்த வயதிலும் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் நிற்காமல் ஏறுகிறவள், அந்தக் கால்தான் உனக்கும். ஆனால் போகுமுன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் இல்லை, "பிறகு பேசுறேன்பா" என்று ஒரு வரி. மாப்பிள்ளைக்குச் சளி என்றாய், சரி. மூன்று வாரமாகவா? கேட்காதே என்று அம்மா சொன்னாள், நான் கேட்கவில்லை. கையுறையைத்தான் சொல்கிறேன். உள்ளே மெல்லியதாக ஒரு ஜோடி, மேலே தடிப்பாக ஒரு ஜோடி போட்டால் கழற்றினாலும் வெறுங்கை ஆகாது.

1994 பள்ளி விடுமுறையில் மூன் கேட் பாதை வழியாகக் கொடிமலை ஏறினோமே, உனக்கு ஒன்பது வயது. மழையில் நான் முன்னால் போய் வழி பார்த்த கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிச் சிரிப்பேன், நீயும் சிரிப்பாய். நான் வழி பார்க்கப் போகவில்லை பாப்பா. வானம் கறுத்துவிட்டது, திரும்பிவிடலாம் என்றாள் அம்மா. பயந்தாங்கொள்ளி என்று அவளைப் பிள்ளைகள் முன்னாலேயே ஏசிவிட்டுக் கோபத்தில் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டேன். மழை பிடித்தபோது நான் மேலே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். தம்பி அம்மா இடுப்பில், உன் கையில் கம்பி ஒடிந்த குடை, அதை அவர்களுக்குப் பிடித்துப் பிடித்து நீ தொப்பலாக நனைந்திருந்தாய். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துப் போயிருந்தது. கோப்பிக் குவளையைப் பிடித்துக்கொள் என்று உன்னிடம் நீட்டினேன், நீ வாங்கவில்லை. மலை ரயிலில் இறங்கும்போது அம்மா வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் நடு ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும். மாறிய பிறகும் வேறு இருக்கைதான். அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. வாய்விட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் எனக்கு?

இதை அம்மா பார்க்கவில்லை. ஆனால் உன்னைத் தனியாக அந்தப் பாறையில் நினைத்துப் பார்த்தால் அந்தக் குடைதான் கண்ணில் நிற்கிறது.

இனி எந்த மலைக்குப் போனாலும் புறப்படும்போது ஒரு வரி போடு, இறங்கியதும் ஒரு வரி. இருட்டுமுன் இறங்கு. நெற்றியில் கட்டும் விளக்கு வாங்கு. வழி தவறினால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊது, ஒரு நிமிடம் நிறுத்து, மறுபடி ஊது. கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் தருவார்களாம். அவசர எண் நம் ஊர் மாதிரியே 999, முதலில் போலீஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்ல வேண்டும். கையுறை, மறக்காதே.

விசில் நானே வாங்கிவிட்டேன். எத்தனை என்று கடைக்காரர் கேட்டார், இரண்டு என்றேன். காடி வரை வந்துவிட்டு, திரும்பிப் போய் இன்னொன்று வாங்கினேன். மூன்றும் திங்கட்கிழமை தபாலில் வரும், அம்மாவின் ரசப்பொடியோடு. உனக்கு இரவு பத்து என்றால் எங்களுக்குக் காலை ஆறு, நான் எழுந்திருப்பேன். அம்மா எழ ஏழாகும்.

அப்பா