மூலை இல்லாத வீட்டில் மூன்று இரவுகள்

அன்புள்ள மகள் யாழினிக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் "எப்படியப்பா இருந்தது?" என்று கேட்டபோது, "நல்லாயிருந்தது பிள்ளை" என்று மட்டும் சொல்லி, தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீயும் மருமகனும் மெல்போர்னில் இருந்தபடியே பணம் கட்டி, எங்கள் திருமண நாளுக்கென்று ஏற்பாடு செய்து தந்த மூன்று இரவுகளுக்கு அந்த ஒரு சொல் போதாது என்பது எனக்குத் தெரியும். அம்மா பக்கத்தில் நின்றதால்தான் அதற்குமேல் வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விவரத்தை முதலில் வாசித்தபோது எனக்குச் சற்றும் விருப்பம் இருக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரோமர் வருமுன் இந்த நாட்டில் வாழ்ந்த கெல்டிய மக்களின் பாணியில் கல்லாலும் மண்ணாலும் கட்டிய வட்ட வீடு, மின்சாரம் இல்லை, இருவருக்கு மட்டும், காதலர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் நான் பிறந்த மண் வீட்டைக் கல்வீடாக்கி ஓடு போடுவதற்கு அப்பு பத்து வருடம் காசு சேர்த்தார். அவருடைய பேத்தி காசு கொடுத்து என்னைத் திரும்பவும் மண் வீட்டுக்குள் படுக்க அனுப்புகிறாளே என்று அம்மாவிடம் முணுமுணுத்தேன். "பிள்ளை ஆசையாகச் செய்திருக்கிறாள், பேசாமல் வெளிக்கிடுங்கள்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லண்டனிலிருந்து ஏறக்குறைய 250 மைல். மேற்கு வேல்ஸில் கார்டிகன் பட்டினத்தைத் தாண்டியதும் எக்லூயிசூரூ என்றொரு சிற்றூர் வருகிறது. வழிப்பலகையில் இருந்த அந்தப் பெயரை வாசிக்க அம்மா நான்கு முறை முயன்று கைவிட்டார். 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் தொடங்கி 80 நாட்களுக்கு மேல் ஒரு நாளும் விடாமல் மழை பெய்ததால் செய்திகளில் அடிபட்ட ஊர் அது. நாங்கள் போன அன்றும் அது தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. பெருந்தெருவை விட்டு இறங்கியதும், இருபுறமும் ஆள் உயரத்துக்கு மண் வரம்பும் அதன்மேல் வேலியும் எழுந்து நிற்கின்ற, ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. எதிரே உழவு இயந்திரம் வந்தது. அந்த மழையில் நான் எவ்வளவு தூரம் பின்னோக்கி எடுத்தேன், அப்போது அம்மா என்னைப் பற்றியும் உன்னைப் பற்றியும் என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வீடு ஒரு பண்ணையின் கீழ்ப்புற வயல் ஓரத்தில், ஓக் மரங்களுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறது. இடுப்பளவுக்குக் கல் அடுக்கிய சுவர், அதற்குமேல் ஹேசல் கம்புகளைப் பின்னி மண் அப்பிய சுவர், எல்லாவற்றுக்கும் மேலே புல் முளைத்த கூரை. உள்ளே குறுக்களவு 7 மீற்றர் இருக்கும், அடிவைத்து அளந்தேன். வாழ்நாளெல்லாம் படவரைஞராக இருந்தவன் ஆகையால், பெட்டியைக் கீழே வைக்கும் முன்னரே அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தேன். நடுவில் தூண் இல்லை. சுவரிலிருந்து எழும்பும் உருளை மரங்கள் உச்சியில் ஒரு புள்ளியில் கூடுவதும் இல்லை. ஒவ்வொரு மரமும் தனக்கு முந்திய மரத்தின் தோளில் சாய்ந்து, தனக்குப் பிந்திய மரத்தைத் தன் தோளில் தாங்கி, சுழன்று சுழன்று போய் நடுவே ஒரு வட்டத் துளையை விடுகின்றன. அந்தத் துளைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கட்டத் தொடங்கும்போது முதல் மரத்துக்குச் சாய ஒன்றும் இராது ஆகையால், அதற்கு ஒரு முட்டுக்கால் கொடுத்து நிறுத்திவைத்து, கடைசி மரத்தை முதல் மரத்தின் கீழே செருகியதும் முட்டுக்காலைத் தட்டி எடுத்துவிடுவார்கள். கூரை கொஞ்சம் இறங்கி, இறுகி, நின்றுவிடும். அன்றிரவு படுத்திருந்தபடி அம்மாவுக்கு இதை அரை மணி நேரம் விளக்கினேன். "முட்டுக்காலை எடுத்த பிறகு விழாதா?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டார், நான் பதிலைச் சொல்லி முடிக்கும் முன் நித்திரையாகிவிட்டார்.

இது பழைய கெல்டியர் முறை அல்ல, இக்காலத்தவர் கையாளும் உத்தி. அதே வட்டாரத்தில் 1997இல் டோனி ரெஞ்ச், ஜேன் ஃபெய்த் என்ற இணையர் இதே வகையில் புற்கூரை போட்டு ஒரு வட்ட வீட்டைத் தங்கள் கையால் கட்டிக் குடியேறினார்கள். அனுமதி பெறாமல் கட்டியதால் அதை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பல ஆண்டுகள் வாதாடி, 2008இல்தான் அனுமதி பெற்றார்கள். அந்த வட்டாரத்தில் காதலுக்குச் சான்று கேட்டால் நான் ரோசாப்பூவைக் காட்ட மாட்டேன், இந்த வழக்கைக் காட்டுவேன்.

ரோசாப்பூ என்றதும் நினைவு வருகிறது. கட்டில் முழுவதும் சிவப்பு இதழ்களைத் தூவி வைத்திருந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மா கொஞ்சமும் கூச்சப்படாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கோப்பையில் போட்டு, "நல்ல பூ, வீணாக்கக் கூடாது" என்று சொல்லி, கொண்டுவந்திருந்த சின்னப் பிள்ளையார் படத்தின் முன்னால் வைத்துவிட்டார். மூன்று நாட்களும் கெல்டிய வீட்டில் பிள்ளையாருக்குக் குறைவில்லை.

அடுப்புத்தான் எங்களுக்கு வேலை வைத்தது. வீட்டின் நடுவே இரும்பு விறகடுப்பு. சூடு, வெளிச்சம், தேநீர் எல்லாம் அதிலிருந்துதான். அடுக்கி வைத்திருந்த விறகு ஈரம். நான் ஒரு மணி நேரம் தீக்குச்சிகளை வீணாக்கி, வீடு நிறையப் புகையையும் சேர்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் முழங்காலைப் பிடித்தபடி கீழே குந்தி, நான் திணித்திருந்த கட்டைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். பண்ணைக்காரர் தேநீருக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்துச் சுருட்டி, அதன்மேல் சுள்ளிகளைக் கூடுபோல நிறுத்தி, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, இன்னோர் அட்டையைக் குழலாகச் சுருட்டி அடியிலிருந்து ஊதினார். மூன்றாவது ஊதலில் பிடித்தது. ஈர விறகை அடுப்பின் மேலும் பக்கத்திலும் காய வைத்து, ஒன்று எரிய ஒன்று காய என்று இரவு முழுக்க நடத்தினார். முப்பது வருடமாகப் பொத்தானைத் திருகி நெருப்பு வரவழைக்கும் கைக்கு இது எப்படி மறக்காமல் இருந்தது என்று கேட்டேன். "நீங்கள் எப்போதாவது விறகு அடுப்பு மூட்டியிருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். நான் இல்லை.

எங்கள் வீட்டு நடைமுறை உனக்குத் தெரியும். நான் மேல்மாடியில் செய்தி பார்ப்பேன், அம்மா கீழே தொடர் பார்ப்பார். தேநீர் ஆறுகிறது என்பதைக் கைத்தொலைபேசியில் அழைத்துச் சொல்வார். நீயே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். வட்ட வீட்டில் மேல்மாடியும் இல்லை, மறைந்து உட்கார ஒரு மூலையும் இல்லை. எங்கே கதிரையைப் போட்டாலும் முன்னால் நெருப்பு, நெருப்புக்கு அப்பால் மற்றவரின் முகம். முதல் நாள் இரவு அது எனக்குப் பெரும் இடைஞ்சலாகவே இருந்தது. இரண்டாம் நாள் இரவு, மழைச் சத்தத்துக்கு நடுவே, அம்மா திடீரென்று ஒரு விடயம் சொன்னார்.

நம்முடையது படம் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். 33 வருடங்களுக்கு முன் அம்மா தனியாக ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது நான் பெயர் எழுதிய அட்டையோடு நின்றேன். என்னைக் கண்டதும் நேரே வரவில்லையாம். ஒரு தூணுக்குப் பின்னால் பெட்டியோடு ஒதுங்கி, பத்து நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாராம். படத்தில் இருந்தவருக்கு மீசை இருந்தது, அங்கே நின்றவருக்கு மீசை இல்லை, ஆள் மாறிவிட்டதோ என்று பயமாம். "பிறகு எப்படி வந்தாய்?" என்றேன். "அட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துத் தலையாட்டினீர்கள். இப்படிப் பயப்படுகிற ஆள் மோசம் செய்ய மாட்டார் என்று நினைத்தேன்" என்றார். விமானம் பிந்திவிட்டது என்றே நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நான் கேட்கவில்லையாம்.

மறுநாள் மழை விட்டதும் காஸ்டெல் ஹென்லிஸ் என்ற இடத்துக்குப் போனோம். டெமெட்டே என்று ரோமர் அழைத்த கெல்டியக் குடியினர் வாழ்ந்த நாட்டில், 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குன்றுக்கோட்டை அது. 1981இல் அகழத் தொடங்கி, பழைய தூண்குழிகளைக் கண்டுபிடித்து, அதே குழிகளின்மேல் அதே அளவில் நாணற்கூரை வீடுகளைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய கூரையின் உச்சியில் புகை போகத் துளை இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். துளை வைத்தால் அது காற்றை மேலிழுத்துத் தீப்பொறியைக் கூரைக்குக் கொண்டுபோய்விடும். துளை இல்லாவிட்டால் புகை மேலே தேங்கி நாணலினூடே மெல்லக் கசிந்து போகும், போகிற வழியில் பூச்சியைக் கொல்லும், கட்டித் தொங்கவிட்ட இறைச்சியையும் பதப்படுத்தும். ஹாம்ப்ஷயரில் 1972இல், பழங்கால வாழ்க்கையைச் செய்துபார்த்து ஆராயும் பட்சர் பண்ணையைத் தொடங்கிய பீற்றர் ரேனால்ட்ஸ் இத்தகைய வீடுகளைக் கட்டி, உள்ளே தீ மூட்டிப் பார்த்து இதை விளக்கினார். நான் வியந்து நிற்க, அம்மா தன் அம்மம்மாவின் குசினிக்கும் புகைபோக்கி இல்லை, கிடுகுக்குள்ளால்தான் புகை போகும், அடுப்புக்கு மேலே கருவாடு தொங்கும், இதற்குமா ஆராய்ச்சி என்று கேட்டார். சுவருக்கு மண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைப்பார்கள் என்று அங்கிருந்தவர் விளக்கத் தொடங்கியபோது, அம்மா கலவையைப் பற்றி அவருக்கே இரண்டு திருத்தம் சொன்னார்.

அங்கிருந்து பென்ட்ரே இவான் பக்கம்தான். கெல்டியருக்கும் முற்பட்ட, 5000 ஆண்டுக்கு மேற்பட்ட கற்திட்டை. ஏறக்குறைய 16 தொன் எடையுள்ள மூடுகல், மூன்று கற்களின் கூரிய நுனிகளில் தொட்டும் தொடாததுமாகப் படுத்திருக்கிறது. அம்மா அதன் கீழே வர மறுத்துவிட்டார்.

கார்டிகனில் உனக்கு ஒரு மரக்கரண்டி வாங்கினோம். வேல்ஸ் இளைஞர்கள் தாம் விரும்பும் பெண்ணுக்கு ஒரே மரத்துண்டில் செதுக்கிக் கொடுத்து வந்த காதல் கரண்டி. 1667ஆம் ஆண்டு குறித்த ஒன்று கார்டிஃபுக்கு அருகில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காம்பில் ஒரு கூண்டு செதுக்கி, அதற்குள் உருண்டைகளை வெட்டிவிடுவார்கள். வெளியே எடுக்க முடியாது, உருண்டுகொண்டே இருக்கும். எத்தனை உருண்டையோ அத்தனை பிள்ளைகள் என்று கடைக்காரர் சொன்னதும் அம்மா ஒற்றை உருண்டைக் கரண்டியைத் தேடி எடுத்தார். வேறு பார்சலில் வருகிறது. இந்த மக்களுக்குக் காதலர் நாளும் வேறு: ஜனவரி 25, புனித டுவின்வென் நாள். காதல் கைகூடாமல் துறவியான பெண்ணையே காதலர்களுக்குக் காவலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

வருகிற மே மாதம் நீங்கள் இருவரும் வரும்போது அங்கே போக நினைத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். போங்கள். ஐப்பசியைவிட மே நல்லது. பென்ட்ரே இவானுக்கு அருகிலுள்ள ஓக் காட்டில் அப்போது நீலமணிப் பூக்கள் விரித்திருக்கும், மருமகனுக்கு ஏற விருப்பமென்றால் 347 மீற்றர் உயரக் கார்ன் இங்லி மலையும் இருக்கிறது. காய்ந்த சுள்ளி ஒரு பை, தடித்த காலுறை, நல்ல டோர்ச் கொண்டுபோங்கள். கழிவறை வயலுக்கு அந்தப் பக்கம். மடிக்கணினியைக் கொண்டுபோனாலும் செருகுவதற்கு இடமில்லை. அடுப்பை எப்படி மூட்டுவதென்று அம்மாவிடம் கேட்டுக்கொள், என்னிடம் கேட்காதே.

இன்னும் ஒன்று. நீ மெல்போர்னுக்குக் கொண்டுபோன பழைய அல்பத்தில், அம்மாவின் வீட்டுக்கு நான் அப்போது அனுப்பிய அந்தப் படம் இருக்க வேண்டும். அதில் எனக்கு மீசை இருக்கவில்லை என்பது என் உறுதியான நினைவு. இருந்தது என்கிறார் அம்மா. திரும்பி வரும் வழி 250 மைலும் இதே பேச்சுத்தான். படத்தைத் தேடிப் பார்த்து, முதலில் எனக்கு மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா