கூட்டெருத் தேநீர்த் தொகுதியின் பழுதான காற்றுப் பம்பி தொடர்பான முறைப்பாடு

கந்தப்பளை,
நுவரெலியா மாவட்டம்.

முகாமைப் பணிப்பாளர் அவர்கட்கு,

ஐயா / அம்மணி,

உங்கள் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அழைத்தும், வட்ஸ்அப்பில் படமும் காணொளியும் அனுப்பியும், மின்னஞ்சல் எழுதியும், கடைசியில் பம்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்டிவரை பஸ் ஏறியும் எந்தப் பயனும் காணாத நிலையில், இக்கடிதத்தைப் பதிவுத் தபாலில் நேரடியாகத் தங்களுக்கே அனுப்புகிறேன். தங்களுக்குக் கீழே பணிபுரிபவர்கள் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவதில் தேர்ந்தவர்களாக இருப்பதால், தங்கள் பார்வைக்கு வந்தாலன்றி இதற்கு ஒரு முடிவு கிடைக்காது என்று கருதுகிறேன்.

நான் வாங்கியது உங்கள் 200 லீற்றர் கூட்டெருத் தேநீர்த் தொகுதி. பற்றுச்சீட்டில் 48,500 ரூபாய் என்று இருக்கிறது. கந்தப்பளைக்குக் கொண்டுவந்த லொறிக் கூலி அதில் சேரவில்லை. கூட்டெருவை இட்ட பீப்பாய் நீருக்குள், அடியில் கிடக்கும் நுண்துளைக் காற்றுக்கற்களின் வழியே பம்பி காற்றை ஊத, நுண்ணங்கிகள் பெருகும் தொகுதி அது. அது நீங்களே தயாரித்து விற்கும் பொருள். 2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அதைக் கைவிட்ட காலத்தில் எங்கள் பக்கத்து மரக்கறிச் செய்கையாளர்கள் பட்ட பாடு நாடறிந்தது. தடை நீங்கியதும் பலர் பழைய வழிக்கே திரும்பினார்கள். ஆண்டாண்டாகப் பசளையைக் கொட்டிக் கொட்டி இறுகிப்போன மண்ணை மறுபடியும் அதே வழியில் நடத்த விருப்பமில்லாமல், மாட்டெரு, லீக்ஸ் கழிவு, காட்டுச் சூரியகாந்தி இலை ஆகியவற்றைக் குவித்துக் கூட்டெரு செய்துவருபவன் நான். அந்தக் கூட்டெருவின் பயனை நீரிலே பெருக்கிப் பாத்தியெங்கும் பாய்ச்சலாம் என்று உங்கள் விளம்பரம் சொன்னதை நம்பியே பணத்தைக் கட்டினேன்.

தொடக்கத்தில் தொகுதி நன்றாகவே வேலை செய்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மலையூற்றுப் பீலித் தண்ணீரில் நுண்ணங்கிகளைக் கொல்லும் குளோரீன் இல்லையென்பதால் அதைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டிய தேவைகூட எனக்கு இருக்கவில்லை. கையேடு சொன்ன அளவில் கூட்டெருவைப் பையிலிட்டுக் கட்டி, சிறிதளவு மொலாசஸ் பாகு சேர்த்து, பம்பியை ஓடவிட்டால், மறுநாள் மாலைக்குள் மழை பெய்த மண்ணின் வாசனையோடு கபில நிறத் திரவம் கிடைத்தது. பம்பியை நிறுத்திய சில மணித்தியாலத்துக்குள் ஊற்றிவிட வேண்டும் என்பதையும் தவறாமல் கடைப்பிடித்தேன். சலாதுப் பாத்தியில் மேல்மண்ணின் பொருக்கு இளகி, நீர் தேங்காமல் இறங்கத் தொடங்கியதைக் கண்ணால் கண்டேன்.

உத்தரவாதக் காலம் பாதிகூட முடிவதற்குள் பம்பி சோர்ந்துவிட்டது. பீப்பாயின் நடுவில் மட்டும் நாலைந்து கொப்புளங்கள் மெதுவாக மேலே வரும். ஓரங்களில் நீர் அசையவே அசையாது. இரவு முழுவதும் ஓடவிட்டு விடியற்காலையில் மூடியைத் திறந்தால், மேலே சாம்பல் நிறத்தில் ஏடு படிந்திருக்க, அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. காற்றுக்கற்களைக் கழற்றி, வழுவழுப்பு முழுதும் போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மீண்டும் பொருத்தினேன். பயனில்லை. நீரிலுள்ள ஒட்சிசன் லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று உங்கள் கையேட்டிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த நாற்றத்துக்குப் பிறகு அளவிடும் கருவி வேறு தேவையா?

இனி உங்கள் சேவை இலக்கத்தின் கதை. தமிழுக்கு 3ஐ அழுத்துமாறு ஒலிப்பதிவு கேட்டுக்கொள்ளும். அழுத்தினால் இசை ஒலிக்கும். இசை முடிந்ததும் தொடர்பு துண்டிக்கப்படும். சிங்களத்துக்கான இலக்கத்தை அழுத்திச் சிங்களத்திலேயே பேசினேன். முதலாமவர் மின்சாரம் தடைப்பட்டிருக்கும் என்றார். இரண்டாமவர் கூட்டெரு சரியில்லை என்றார். அதே குவியலிலிருந்து எடுத்துத் தூவிய கரட் பாத்தி செழித்து நிற்கும் படத்தை அனுப்பியதும் பதிலே வரவில்லை. மூன்றாமவர் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது: மொலாசஸ் பாகை இரு மடங்காக்கிப் பாருங்கள் என்றார். காற்றுப் போதாமல் மூச்சடைத்துக் கிடக்கும் நீரில் இனிப்பைக் கூட்டினால், நுண்ணங்கிகள் இருக்கும் ஒட்சிசனையும் தின்று தீர்த்து, நாற்றம் இரட்டிப்பாகும் என்பதும், அந்த நிலையில் மனிதருக்கு நோய் தரும் பற்றீரியாக்களும் பெருக இடமுண்டு என்பதும் உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்குமா தெரியாது? நான் விளைவிப்பது சலாது. அதைச் சமைக்காமல் பச்சையாகவே உண்பார்கள்.

இன்னொருவர், நுவரெலியாப் பக்கம் குளிர் அதிகம், குளிர்ந்த நீரில் காற்றுக் கரையாது, அதனால் இந்தத் தொகுதி உங்கள் ஊருக்குச் சரிவராது என்று முடித்துவிட்டார். உண்மை இதற்கு நேர்மாறானது. நீர் குளிரக் குளிர அதில் கரையும் ஒட்சிசன் கூடும்; குளிரால் நுண்ணங்கிகள் பெருகுவதுதான் தாமதமாகும், அதற்காகவே குளிர்ப் பிரதேசங்களில் மேலும் சில மணித்தியாலம் விடுமாறு உங்கள் கையேடு அறிவுறுத்துகிறது. உயரத்தைக் காரணம் காட்டியிருந்தாலாவது ஓரளவு நியாயம் இருந்திருக்கும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படிப் பார்த்தாலும் 15 பாகை செல்சியஸ் நீரில் லீற்றருக்கு 8 மில்லிகிராம் வரை ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். அது உங்கள் 6 மில்லிகிராமுக்கு மேலேதான் இருக்கிறது. விற்கும்போது கந்தப்பளை என்று முகவரி எழுதிக்கொண்டவர்களுக்கு அப்போது இந்தக் குளிர் தெரியவில்லையா?

கண்டிக்குப் பம்பியை நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தரப்படும் என்று தொலைபேசியில் சொன்னவரும் உங்கள் ஊழியர்தான். மழை கொட்டிய நாளொன்றில் விடியுமுன்னே புறப்பட்டு, நுவரெலியாவில் பஸ் மாறி, இறம்பொடை வளைவுகளில் பம்பி கைநழுவிவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். சேவை நிலையத்தில் மதியம் தாண்டும்வரை காக்கவைத்தார்கள். பிறகு தொழினுட்பவியலாளர் என்று சட்டையில் பொறித்திருந்த இளைஞர் பம்பியை மின்னிணைப்பில் செருகி, குழாய் வாயை உள்ளங்கைக்கு நேரே பிடித்து, "காற்று வருகிறதுதானே" என்று கேட்டுவிட்டு, பழுதில்லை என்று படிவத்தில் எழுதினார். பரிசோதனை அவ்வளவுதான். அந்தப் பீப்பாயில் நீர் மூன்றடி ஆழத்துக்கு நிற்கிறது. அடியிலுள்ள கல்லின் வழியே காற்று வெளிவர வேண்டுமானால் ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல் அழுத்தத்தை அது எதிர்த்துத் தள்ள வேண்டும். வெறுங்கையில் ஊதுகின்ற பம்பி ஆழத்தில் ஊதும் என்பதற்கு என்ன உறுதி? ஒரு வாளித் தண்ணீரிலாவது வைத்துப் பாருங்கள் என்று மன்றாடினேன். நிலையத்தில் வாளி இல்லையாம். பம்பி விற்கும் நிறுவனத்தின் சேவை நிலையத்தில் ஒரு வாளி இல்லை!

அப்போது கருமபீடத்தில் இருந்த அதிகாரி, எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்களுக்கு இந்த மாதிரிச் சாமான்களை விற்கவே கூடாது, உடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தபடி சொன்னார். அதற்குச் சிங்களத்திலேயே நான் பதில் சொன்னபோது அவர் முகம் மாறியதேயொழிய, வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். என் பெற்றோர் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் வெட்கமில்லை. அந்த மனிதரின் சம்பளத்தில் என் 48,500 ரூபாயும் கலந்திருக்கிறது என்பதை மட்டும் அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பழுதில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, திரும்பும் வழியில் நுவரெலியாவில் வானொலி திருத்தும் கடையொன்றில் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே காற்றைத் தள்ளும் இறப்பர் சவ்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் சற்று இழுத்தபோது, திருகாணித் துளையை ஒட்டி நகக்கண் அளவு வெடிப்பு ஒன்று வாய்திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. எதிர்ப்பு இல்லாதபோது காற்று ஓரளவு வரும், ஆழத்தில் அழுத்தம் ஏறியதும் அந்த வெடிப்பின் வழியே கசிந்துவிடும் என்று கடைக்காரர் விளக்கினார். படம் இணைத்திருக்கிறேன். கடைக்காரருக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. அவர் கூலியும் வாங்கவில்லை.

கோவா நாற்றுமேடையைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். கண்டியை நினைத்தவுடன் மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது. நாற்றம் சாதாரணமானதுதான், நீரில் கலந்து ஊற்றுங்கள் என்று வட்ஸ்அப்பில் எழுத்து மூலமாகவே உங்கள் ஊழியர் பதில் தந்தார். சலாதுக்கு ஊற்ற மனம் வராமல் கோவா நாற்றுக்கு ஊற்றினேன். நாற்றுகள் மஞ்சளித்துத் தலைசாய்ந்தன. ஒரு போகமே கைவிட்டுப் போயிற்று. இத்தனை காலம் பாடுபட்டுத் தேற்றிய மண்ணின் உயிரையே உங்கள் பம்பி கொன்றுவிட்டது என்றுதான் சொல்வேன். இதற்கு எந்தத் தொகையை நட்டஈடாகத் தருவீர்கள்?

தங்கள் நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பது என் நோக்கமன்று என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள், மூன்றடி நீரில் பரிசோதிக்கப்பட்ட புதிய பம்பியைக் கந்தப்பளைக்கே அனுப்பிவைக்க வேண்டும். இயலாதெனில் முழுத் தொகையையும் லொறிக் கூலியுடன் திருப்பித் தர வேண்டும். கண்டிச் சேவை நிலைய அதிகாரியிடமிருந்து எழுத்து மூலமான மன்னிப்பை எதிர்பார்க்கிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை; பம்பியை மாற்றித் தந்துவிட்டு அதை மறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கையேட்டைத் தமிழிலும் அச்சிட்டால் எங்கள் பக்கத்து மக்களுக்கு உதவியாக இருக்கும் என்பது என் வேண்டுகோள்.

பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் முறைப்பாடு செய்வேன். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஏற்கனவே அழைத்து, என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டறிந்திருக்கிறேன். தமிழில் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்கள். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் இந்தத் தொகுதியை வாங்க எண்ணியிருந்தவர்கள் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது.

இனி நான் கண்டிக்கு வரப்போவதில்லை. பம்பியைப் பார்க்க வேண்டுமானால் ஆளை இங்கே அனுப்புங்கள். பீப்பாயும் தண்ணீரும் வாளியும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பற்றுச்சீட்டில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: பற்றுச்சீட்டு, உத்தரவாதப் பத்திரம், "பழுதில்லை" எனக் குறித்த படிவம் ஆகியவற்றின் பிரதிகள், வட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, வெடித்த இறப்பர் சவ்வின் படம். மூலப் பிரதிகள் என்னிடம் உள்ளன.