அந்தப் பத்து வயல் எந்த வயல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் திட்ட விலக்கக் கணக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயல்களின் நெல் விளைச்சல் கொடுத்திருந்தது. இரண்டு தசம இடம் வரை பிசகாமல் விடை எடுத்துவிட்டாள். "அது எந்தப் பத்து வயல் பாப்பா? ஊரில் இருக்கிற மற்ற வயலை எல்லாம் விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தார்கள்?" என்று கேட்டேன். "அப்படித்தான் குடுத்திருக்கு தாத்தா" என்று நோட்டை மூடிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளியில் புள்ளியியல் என்றால் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம். எண்கள் தயாராக வந்து உட்கார்ந்திருக்கும். எங்கிருந்து வந்தன என்று பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. நான் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த எண்ணைத் தேடி வயலில் இறங்குவதுதான் என் பிழைப்பாக இருந்தது.

பயிர் அறுவடைப் பரிசோதனை என்பார்கள்; சில வயல்களில் ஒரு துண்டை மட்டும் அறுத்து எடை போட்டு, ஊரின் சராசரி விளைச்சலைக் கணிப்பது. எந்த சர்வே நம்பர் என்பதைச் சமவாய்ப்பு எண் சொல்லும்; யார் விருப்பமும் கலக்காமல், சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல் வரும் எண் அது. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை தப்படி உள்ளே போவது என்பதையும் அதுவே சொல்லும். அங்கே முளை அடித்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே நிற்பதை அறுத்து, அடித்து, தூற்றி எடை போட வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு இப்படி 400 சதுரம். தராசில் ஒரு கிலோ தவறினால் தாளில் 400 கிலோ தவறும். பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கு இந்தச் சராசரியைப் பார்ப்பார்கள் என்பதால், "தண்ணி நின்னு பதராக் கிடக்கு, அந்தப் பக்கம் கட்டுங்க சார்" என்று வரப்பில் நின்று விவசாயி கெஞ்சுவார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனால் எண் சொன்ன இடத்தில்தான் கயிறு.

ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "எதுக்கு சார் நம்பர்? கண்ண மூடிக்கிட்டு ஒரு கல்ல எறிஞ்சா போதாதா?" என்றான் ஒரு பையன். பக்கத்தில் அறுப்பு முடிந்து தாளாகக் கிடந்த வயலில் எறியச் சொன்னேன். நாலு பேர், ஆளுக்கு ஐந்து கல். இருபதில் ஒன்றுகூட வரப்போரம் விழவில்லை, எதிர் மூலைக்கும் போகவில்லை. எல்லாம் நடுவில், கை வீச்சுக்கு வாகான தூரத்தில். "கண்ண மூடினாலும் கைக்குத் தெரியுது சார்" என்று அவனே சொன்னான். சமவாய்ப்புக்கு இப்படி ஒரு விளக்கம் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைத்ததில்லை.

அப்புறம் இந்தக் கயிறு. சில இடத்தில் அது ஒரு தூரின் மேலேயே விழும். உள்ளேயா, வெளியேயா? அறுக்கிறவர் கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும். சதுரம் சிறுத்தால் ஓரத்துத் தூர்களின் பங்கு கூடும், விளைச்சல் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். சிறிய துண்டுகளில் அறுத்தால் இந்தப் பிழை வரும் என்று 1940களில் புள்ளியியலாளர் சுகாத்மே எழுதினார். இன்னொரு புள்ளியியலாளரான மகலனோபிஸ் வங்காளத்தில் சிறிய வட்டங்களாக அறுத்துக் கணக்கெடுத்தவர். இருவருக்கும் வாதமே நடந்தது. அந்த மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஐத்தான் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். ஒரு தூர் நெல்லுக்காக நடந்த வழக்கு அது என்று சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்களா?

நகரத்துப் பிள்ளைகளுக்கு வயல் கிடையாது, சரி. "பள்ளிக்கு எதில் வருகிறாய்?" என்று சைக்கிள் ஸ்டாண்டில் நின்று இருபது பேரைக் கேட்கட்டும். பிறகு வருகைப் பதிவேட்டு எண்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, அதில் வரும் இருபது பேரைக் கேட்கட்டும். இரண்டு விடையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், வாத்தியார் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

டெல்டாவில் தை பிறந்தால் சம்பா அறுப்பு. எந்த ஊரில் என்றைக்குப் பரிசோதனை என்று அந்தந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லி, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரப்பில் நின்று பார்க்க விடும்படி புள்ளியியல் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகிய இரு துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன். இதற்குத் தனியாக நிதி எதுவும் தேவைப்படாது. முந்தின நாள் பள்ளிக்கு வந்து சமவாய்ப்பு எண் அட்டவணை பார்க்கச் சொல்லித்தர நான் தயார். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.